சிதறிப்போன நெல்சனின் வெள்ளி

1798 ஆகஸ்ட் 1 மாலை. எகிப்தின் அபுகிர் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தாக்கத் தொடங்கினார். விடிவதற்குள் அவருடைய வெற்றி உறுதியாகிவிட்டது. செய்தி எட்டியதும் லண்டன் வணிகர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெப்போலியன் இந்தியாவுக்கே வந்துவிடுவாரோ என்று நடுங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, நெல்சனுக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. கப்பல் காப்பீட்டுக்காரர்கள் கூடும் லாயிட்ஸ் காபிக் கடை, வெள்ளிப் பாத்திரம் வாங்கிக்கொள்ளச் சொல்லி 500 பவுண்டு தந்தது. 1801இல் கோபன்ஹேகன் போருக்குப் பிறகு இன்னொரு 500.

லாயிட்ஸ் தந்த பணத்தில்தான் நெல்சனின் விருந்து மேசை வெள்ளி சேர்ந்தது. யார் கொடுத்தார்கள், எந்த வெற்றிக்காகக் கொடுத்தார்கள் என்று பாத்திரங்களிலேயே பொறித்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த வரிகள்தான் புதையல். வெறும் வெள்ளி எடைக்குப் போகும். எழுத்துள்ள வெள்ளி சாட்சி சொல்லும்.

சாட்சியைக் கலைப்பதும் எளிது. பழைய உரிமையாளரின் சின்னத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதியவர் தன் பெயரை வெட்டிக்கொள்வது அந்நாளில் சாதாரணம். தேய்த்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். வாயால் ஊதினால், அந்த ஆவியில் அழிந்த எழுத்தின் தடம் தெரியும் என்பார்கள் பழம்பொருள் வியாபாரிகள். லண்டன் முத்திரைகளில் ஒன்றான ஆண்டு எழுத்தைப் பார்த்தால், பாத்திரம் எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

லாயிட்ஸின் பரிசுகள் நெல்சனோடு நிற்கவில்லை. 1803இல் தொடங்கிய லாயிட்ஸ் தேசபக்தி நிதி, டிரஃபால்கர் கடற்போரின் தளபதிகளுக்கு வாளும் வெள்ளிச் சாடியும் வழங்கியது. சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் வடிவமைத்த சாடியின் ஒரு பக்கம் பிரிட்டானியா. மறுபக்கம் பல தலைப் பாம்பை வெட்டும் ஹெர்குலிஸ். 1809இல் இந்தப் பரிசுகளை நிறுத்தி, காயம்பட்டவர்களுக்கும் குடும்பங்களுக்கும் பணத்தைத் திருப்பினார்கள். நல்ல முடிவு.

என் கவலை வேறு. நெல்சனின் வெள்ளி கைமாறிச் சிதறியது. தாங்கள் கொடுத்த பரிசின் துண்டுகளை லாயிட்ஸ்காரர்களே பின்னாளில் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏலம் இல்லாவிட்டால் இவை பெட்டிக்குள்ளேயே கறுத்துப் போகும் என்கிறார்கள் சேகரிப்பாளர்கள், இருக்கலாம். ஆனால் ஒரு செட்டைப் பிரித்து விற்றபின் எது எதனுடன் இருந்தது என்று யார் சொல்வது? விற்பவர்கள் விற்கட்டும். அதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்தையும், அதன் எழுத்தையும் முத்திரையையும் படமெடுத்து, ஒரு பொது அருங்காட்சியகத்தில் பதிந்துவிட்டு விற்கட்டும்.