கணிப்பொறி சொன்னால் போதுமா?

பட்டம் பெற்ற பிள்ளைகளை அடுத்து எத்துறையில் சேர்ப்பது என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகின்றது. வணிக மேலாண்மை மேற்படிப்பில் ‘மேலாண்மைத் தகவல் முறைமை’ என்றொரு பிரிவு உண்டு. சுருக்கமாக எம்.ஐ.எஸ். என்பர். இதில் கற்பது யாது? கணிப்பொறிப் படிப்பினின்று இது எங்ஙனம் வேறுபடுகிறது?

கணிப்பொறியியல் மாணவர் பொறியின் இயக்கத்தை ஆராய்கிறார். எம்.ஐ.எஸ். மாணவரோ, ஒரு நிறுவனத்தில் எச்செய்தி, எந்நேரத்தில், யார் கைக்குச் சேர வேண்டும் என்பதை ஆராய்கிறார். ஆகவே கணக்கியல், விற்பனை ஆகியவற்றோடு தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வு, தணிக்கை ஆகியனவும் அவருக்குப் பாடங்களாகின்றன.

இத்துறையின் வேர்கள் தேநீர்க் கடைகளில் உள்ளன என்றால் வியப்பாயிருக்கும். லண்டனில் தேநீர்க் கடைகள் பல நடத்திய லயன்ஸ் நிறுவனம், ‘லியோ’ என்னும் கணிப்பொறியைத் தானே உருவாக்கி, 1951-ஆம் ஆண்டில் தன் ரொட்டிக் கூடத்தின் கணக்குகளுக்குப் பயன்படுத்தியது. அங்குப் பணியாற்றிய டேவிட் கேமினர், எவ்வேலையையும் பொறியிடம் ஒப்படைக்குமுன், அவ்வேலை நடைபெறும் முறையைப் படிப்படியாக ஆராய்ந்தார். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமாக வேண்டிய பொருள்களின் பட்டியல் பொறியிடம் இருந்தது. கடைப் பொறுப்பாளர் அதில் வேண்டிய மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் தெரிவித்தால் போதுமாயிற்று. பின்னர் 1968-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் இதனைத் தனித் துறையாக்கி மேற்படிப்பைத் தொடங்கியது. பேராசிரியர் கார்டன் டேவிஸ் அதற்கு முன்னோடியாக விளங்கினார்.

மனிதரை அறிந்த பின்னரே பொறியை அமைக்க வேண்டும் என்பதே கேமினரின் வழி. அவ்வழி மறக்கப்பட்டால் விளையும் கேட்டுக்குப் பிரிட்டன் நாட்டு அஞ்சலகங்களே சான்று. அங்கே 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி முறைமை புகுத்தப்பட்டது. கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாக அது காட்டியது. “நாங்கள் எடுக்கவில்லை, கணக்கில்தான் பிழை” என்று கிளைகளை நடத்தியோர் முறையிட்டும் பயனில்லை. பலர் சொந்தப் பணத்தைக் கட்டி ஈடு செய்தனர். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளென்று தீர்ப்பிடப்பட்டனர். சிறை சென்றோரும் உண்டு. அம்முறைமையில் பிழைகள் இருந்ததையும், கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே மாற்ற இயன்றதையும் 2019-இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரை விடுவித்தது. 2024-இல் நாடாளுமன்றமே சட்டமியற்றி நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை நீக்கியது. ஆனால் இழந்த ஆண்டுகளைத் திரும்பத் தருவார் யார்? குற்றமற்றவர் என்று தெரியுமுன்னே இறந்துபோனவர்களும் உளரன்றோ!

இத்துயரத்தில் எம்.ஐ.எஸ். பயின்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கியுள்ளன. கணக்கை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு? மாற்றியதன் தடம் பதிவாகிறதா? பயன்படுத்துவோரின் முறையீட்டை யார் விசாரிக்கிறார்? ஒரே குறை பல இடங்களில் எழுந்தால் அதை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவர் யார்?

நம் நாட்டில் எம்.பி.ஏ. படிப்பின் ஒரு பிரிவாக இதனைப் பயிலலாம். வணிகவியல், கலைப் பட்டதாரிகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைவாய்ப்பையும் சம்பளத்தையும் மட்டும் விசாரித்து நின்றுவிடாதீர்கள். தணிக்கையும் தொழில் அறமும் பாடத்திட்டத்தில் உள்ளனவா, மாணவர்கள் உண்மையான நிறுவனத்துக்குச் சென்று அங்கு வேலை செய்வோரிடம் பேசிப் பயில்கின்றனரா என்றும் கேளுங்கள். நாளை உங்கள் மகனோ மகளோ அமைக்கும் முறைமையின் மறுமுனையில் ஓர் ஏழைப் பணியாளர் அமர்ந்திருப்பார். “கணக்குத் தவறு” என்று அவர் சொல்லும்போது செவிசாய்க்கத் தெரிந்தவரே இத்துறையைக் கற்றவர்.