கலெக்டர் குடியிருந்த கடற்கரை பங்களா

தரங்கம்பாடி நகர வாசலைத் தாண்டி ராஜா தெருவில் நேரே நடந்தால் கடல். வலப்பக்கம் டேனிஷ் கோட்டை. இடப்பக்கம் சற்றுத் தள்ளி, முகப்பைக் கடலுக்குப் பறிகொடுத்த மாசிலாமணிநாதர் கோயில். நடுவில், மேலும் கீழும் தூண் வைத்த வராண்டாவோடு கடலைப் பார்த்து நிற்கிறது அந்த மாடி பங்களா.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா நிர்வாகம் இங்கிருந்துதான் நடந்தது. கலெக்டர் இந்த பங்களாவில் இருந்தார். பங்கா விசிறி இழுத்தவரும் தண்ணீர் சுமந்தவரும் வந்து போயிருப்பார்கள்; ஊர்க்காரர் வேறு யாரும் இந்த வராண்டாவில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கலெக்டர் கச்சேரி இடம் மாறியது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரமும் அந்தப் பக்கம் நகர்ந்தது. தரங்கம்பாடியின் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

பூட்டிய வீட்டைக் கடற்காற்று விட்டுவைக்காது. உப்பும் ஈரமும் செங்கல்லுக்குள் இறங்கும். வெயில் ஏறியதும் உப்பு பூத்துக் காரையைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். அவசரத்துக்கு சிமென்ட் பூசினால் இன்னும் கேடு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே அரித்துவிடும். சுண்ணாம்புக் காரைதான் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து, நாள்கணக்கில் புளிக்கவிட்டுப் பூசும் பழைய கைவேலை அது. பூசிய பிறகும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால்தான், நீம்ரானா குழுமம் பங்களாவைப் புதுப்பித்துத் தங்கும் விடுதியாக்கியதை நான் மனமார வரவேற்கிறேன்.

இன்று இங்கே எட்டு அறைகள். இந்தத் துறைக்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களைத்தான் அறைகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து வரும் குடும்பத்துக்கு எட்டு அறை பொருத்தமான கணக்கு. பக்கத்துத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத நாள் குறைவு. அதை முடித்துக்கொண்டு வேன் நிறையக் கடல் பார்க்க வருபவர்கள் உண்டு. தாத்தா வராண்டா நாற்காலியில் சாய்ந்துகொள்ள, பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு ஏற மறுப்பார்கள். துரைமார் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் உரிமையோடு இப்படிச் சத்தம் போடுவது எனக்கு நிறைவான மாற்றம்.

ஆனால் மாற்றம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பைச் சூறையாடியது. பிறகு கட்டித்தந்த வீடுகள் கடலை விட்டுத் தள்ளி அமைந்தன. வலையும் எஞ்சினும் கரையில் கிடக்க, குடியிருப்பு தூரத்தில் என்றானது. நகர வாசலுக்குள்ளும் நல்ல தெருக்களில் இடிந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சிலவற்றைச் சீர் செய்திருக்கிறது, அது போதாது. விடுமுறைக்கு வருபவர்கள் தரும் பணத்தில் ஒரு பங்காவது அந்தச் சுவர்களுக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு வேலை சொல்லித்தரும் கொத்தனார்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.