கார்ல பாட்டு போட்டா கரகரன்னு இரையுதா? ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி பாட்டை நிறுத்திப் பாருங்க!

அப்பா ஓட்டின பழைய ஆல்ட்டோ, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஐ10... வண்டி நல்லாத்தான் ஓடும். ஆனா ஸ்டீரியோவுல ப்ளூடூத் இருக்காது. ரேடியோவும் சி.டி-யும் மட்டும்தான். அதுக்கு ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வைத்தியம்தான் எஃப்.எம் மாடுலேட்டர். டிரான்ஸ்மிட்டர்னும் சொல்வாங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகினா போதும், போன்ல இருக்கிற பாட்டு கார் ஸ்பீக்கர்ல வரும்.

வரும்தான். ஆனா எப்படி வருது? ராஜா சார் வயலினுக்குப் பின்னாடி மழை பெய்யுற மாதிரி ஓர் இரைச்சல். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா கூடவே சேர்ந்து ஏறுற 'ஙொய்ய்ய்'. அனிருத் பாட்டுல பீட் விழும்போதெல்லாம் ஸ்பீக்கர் கிழியுற மாதிரி ஒரு சத்தம். கடையில கொண்டுபோய் காட்டினா, "ஸ்பீக்கர் போயிடுச்சு, செட்டையும் சேர்த்து மாத்திடலாம் தம்பி"ன்னு சில ஆயிரத்துக்குக் கணக்கு போட்டுடுவாங்க.

பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. மாடுலேட்டரைக் கழட்டி வெச்சுட்டு, உங்க ஊர்ல நல்லா எடுக்கிற ஏதாவது ஒரு ரேடியோ ஸ்டேஷனை அதே ஸ்டீரியோவுல கேளுங்க. அது தெளிவா இருந்தா உங்க ஸ்பீக்கர்மேலயும் செட்மேலயும் எந்தத் தப்பும் இல்லை. பிரச்னை போனுக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவுலதான் இருக்கு. ஸ்டேஷனும் கரகரன்னா, முதல்ல ஆன்டெனாவைப் பாருங்க. கார் வாஷ் பண்ணும்போது உடைஞ்சதா, திருகு லூஸா, அழகுக்காக ஒட்டின போலி ஷார்க் ஃபின்னான்னு பார்த்தாலே பாதி விடை கிடைச்சுடும்.

உங்க காருக்குள்ள ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன்

இந்த மாடுலேட்டர் பண்ற வேலை ரொம்ப சிம்பிள். போன்ல இருந்து வர்ற பாட்டை வாங்கி, 87.5-ல இருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள்ள நீங்க சொல்ற நம்பர்ல ஒலிபரப்பும். ஸ்டீரியோ அதை வழக்கமான ஸ்டேஷன் மாதிரியே பிடிக்கும். சிக்கல் எங்கேன்னா, நிஜமான ஸ்டேஷன்கள் கிலோவாட் கணக்குல பவர் வெச்சு ஒலிபரப்புது. இந்தக் குட்டிக்கு அனுமதிக்கிற பவர் அவ்வளவு குறைச்சல். ஐரோப்பாவுல 50 நானோவாட்தான் உச்சவரம்பு. ஒரு வாட்டை நூறு கோடியாப் பிரிச்சு, அதுல 50 பங்கு! சில மீட்டர் தூரம் போனாலே பெரிய விஷயம்.

எஃப்.எம் ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. ஒரே நம்பர்ல ரெண்டு சிக்னல் வந்தா, எது பலமோ அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை அமுக்கிடும். ரெண்டும் கிட்டத்தட்ட சம பலமா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல தாவிக்கிட்டே இருக்கும். ஃப்ளைஓவர் மேல ஏறினா மட்டும் உங்க பாட்டுக்கு நடுவுல யாரோ ஆர்.ஜே பேசுறதுக்குக் காரணம் இதுதான்.

இப்போ டெஸ்ட்டுக்கு வருவோம்

வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பண்ணுங்க. ஓட்டிக்கிட்டே நம்பர் மாத்துற வேலை வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பி, மாடுலேட்டரையும் ஸ்டீரியோவையும் ஒரே நம்பர்ல வெச்சுப் பாட்டைப் போடுங்க. வழக்கமான சத்தம் வந்ததும் போன்ல பாட்டை நிறுத்துங்க. உடனே காதைக் கூர்மையாக்கிக் கேளுங்க. (சில மாடல்கள் பாட்டு இல்லைன்னா கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுடும். அதனால தாமதிக்காம கேக்கணும்.)

பாட்டு நின்ன பிறகும் இரைச்சல் கேட்டா, ரேடியோ சிக்னல்ல கோளாறு. அமைதியாகிட்டு, பாட்டு ஓடும்போது மட்டும் உடையுதுன்னா, சவுண்ட் அளவுல கோளாறு. அமைதியா இருந்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினதும் ஙொய்யுன்னு ஆரம்பிச்சா, கரன்ட்ல கோளாறு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. இதைப் பிரிச்சுப் பார்க்காம குத்துமதிப்பா நம்பரை மாத்திக்கிட்டே இருந்தா நாள் பூரா மாத்திக்கிட்டேதான் இருக்கணும்.

சிக்னல் கோளாறுன்னா...

பெரும்பாலும் நம்பர்தான் காரணம். பெட்டியில வந்தபடியே 87.5-ல விட்டிருப்பீங்க. பல பேர் அப்படித்தான் விடுறாங்க, அதனாலதான் சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து கேப்ல ஓடுற பக்திப் பாட்டு உங்க கார்லயும் ஒலிக்குது.

மாடுலேட்டரை அணைச்சுட்டு ஸ்டீரியோவை மெதுவா நகர்த்தி, வெறும் 'ஸ்ஸ்ஸ்' மட்டும் கேக்குற இடத்தைத் தேடுங்க. அந்த ஒரு நம்பர் காலியா இருந்தா போதாது, ரெண்டு பக்கமும் 0.2, 0.3 தள்ளியும் காலியா இருக்கணும். சென்னைன்னா 91.1, 91.9, 92.7, 93.5, 94.3, 98.3, 101.4, 102.3, 104.8, 106.4 எல்லாம் ஸ்டேஷன்கள். கிண்டி பக்கம் 90.4-ல அண்ணா எஃப்.எம் வேற இருக்கு. இதுக்கெல்லாம் தள்ளித் தேடுங்க. ஊர் மாறினா மறுபடி தேடணும். சூரியனோட 93.5, ஹலோவோட 106.4 ரெண்டும் மதுரை, திருச்சி, கோவைன்னு போற இடமெல்லாம் அதே நம்பர்ல துரத்தும். தெற்கே போகப் போக 100.5 பக்கமே போகாதீங்க. சுமார் 7,000 அடி உயரத்துல இருக்கிற கொடைக்கானல்ல இருந்து அது பல மாவட்டங்களுக்குப் பாயுது, உங்க 50 நானோவாட் அதுகூட மல்லுக்கட்ட முடியாது. லாங் டிரைவ் போறீங்கன்னா காலியான மூணு நம்பரை ஸ்டீரியோவுல சேவ் பண்ணி வெச்சுக்குங்க. ஒண்ணு கெட்டா அடுத்ததுக்குத் தாவலாம்.

ஒரு நுணுக்கமான விஷயம். சில ஸ்டீரியோக்கள்ல 'ஏரியா' செட்டிங் அமெரிக்கான்னு இருக்கும். அப்படி இருந்தா 88.1, 88.3, 88.5ன்னு ஒற்றைப்படையாத்தான் நம்பர் தாவும். நீங்க மாடுலேட்டரை 88.2-ல வெச்சிருந்தா, ஸ்டீரியோ 0.1 தள்ளிதான் நிக்கும். பாட்டு கேக்கும், ஆனா சொரசொரன்னு கேக்கும். செட்டிங்கை மாத்துங்க, இல்லைன்னா மாடுலேட்டரையும் ஒற்றைப்படைக்குக் கொண்டுபோங்க. இலங்கையில ஜப்பான் ரீகண்டிஷன் வண்டி ஓட்டுற நண்பர்களுக்கு இன்னொரு தலைவலி: ஜப்பான் ரேடியோ 76-ல ஆரம்பிக்கும், பழைய செட்டுகள் 90-லயே முடிஞ்சுடும். 87.5-க்கும் 90-க்கும் நடுவுல மட்டும்தான் உங்களுக்கு இடம்.

நம்பர் சரியா இருந்தும் இரைச்சல் போகலையா? ஸ்டீரியோவுல 'லோக்கல்' (சிலதுல 'லோ'ன்னு சுருக்கி இருக்கும்) பட்டன் இருந்தா அழுத்துங்க. தூரத்து ஸ்டேஷன்களைப் பிடிக்கிற ஆர்வம் அதுக்குக் குறையும். 'மோனோ' இருந்தா அதையும் முயற்சி பண்ணுங்க. பலவீனமான சிக்னல்ல ஸ்டீரியோ ஒலியைவிட மோனோவுல இரைச்சல் கணிசமாக் குறையும். ஓடுற கார்ல இடது, வலது பிரிஞ்சு கேக்கலையேன்னு யார் அழப்போறாங்க? கூரை மேல திருகிக் கழட்டுற ஆன்டெனா இருந்தா, அதைக் கழட்டிட்டும் கேட்டுப் பாருங்க. வெளி ஸ்டேஷன்கள் மங்கிப்போய், உள்ளே இருக்கிற மாடுலேட்டர் சில கார்கள்ல மேல வந்துடும். எல்லா கார்லயும் இல்லை, ஆனா செலவில்லாத சோதனை.

அப்புறம் டேஷ்கேம். மலிவான டேஷ்கேமும், ரெட்டை ஓட்டை யு.எஸ்.பி சார்ஜரும், ஆசையா மாட்டின எல்.இ.டி ஹெட்லைட் பல்பும் எஃப்.எம் பேண்டுக்குள்ளேயே இரைச்சலைத் துப்புறது உண்டு. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. எதை அணைச்சதும் அமைதியாகுதோ, குற்றவாளி அதுதான்.

பாட்டு ஓடும்போது மட்டும் உடைஞ்சா...

இங்கே தப்பு நம்ம கையிலதான். 'சத்தம் பத்தலை'ன்னு போன்ல ஃபுல், மாடுலேட்டர்ல ஃபுல், ஈக்வலைசர்ல பேஸ் பூஸ்ட். எஃப்.எம்-ல சத்தம் கூடக்கூட அலைவரிசை ரெண்டு பக்கமும் அகலமா ஆடும். அந்த ஆட்டத்துக்கு 75 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. அதைத் தாண்டித் தள்ளினா ஒலி நெளிஞ்சு உடையும். ஸ்டீரியோவுல வால்யூமைக் குறைச்சாலும் உடைசல் போகாது, ஏன்னா அது வர்ற வழியிலேயே உடைஞ்சு வருது.

போன் வால்யூமை முக்கால்ல வைங்க. ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், '3டி சவுண்ட்' எல்லாத்தையும் அணைங்க. மாடுலேட்டர் வால்யூமைப் பாதியில ஆரம்பிச்சு, உடையுற இடம் வரைக்கும் ஏத்தி, அங்கிருந்து ரெண்டு படி இறக்குங்க. மிச்ச சத்தத்தை ஸ்டீரியோ குமிழ்ல ஏத்திக்கலாம். ரொம்பக் குறைச்சாலும் ஆபத்து, ஸ்டீரியோவை ஏத்தும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். பாட்டுல 'ச', 'ஸ' வர்ற இடம் மட்டும் சீறுதுன்னா டிரெபிளை முதல்ல குறைங்க. எஃப்.எம்-ல உயர்ந்த ஸ்தாயி ஒலிகளை அனுப்பும்போதே தூக்கி அனுப்பி, வாங்குற பக்கம் இறக்கிக்கிற ஏற்பாடு உண்டு. நீங்க வேற தூக்கினா முதல்ல உடையுறது அதுதான்.

உடையாம, போன் கால் மாதிரி சப்புனு கேக்குதா? ப்ளூடூத் செட்டிங்ல அந்தக் கருவியோட பேரைத் தொட்டு, 'மீடியா ஆடியோ' ஆன்ல இருக்கான்னு பாருங்க. 'கால்' மட்டும் ஆன் ஆகியிருக்கும். ஆக்ஸ் ஒயர்ல கொடுக்கிறவங்களுக்கு ஒரு விநோதம் நடக்கும்: மியூசிக் எல்லாம் கேக்கும், எஸ்.பி.பி குரல் மட்டும் எங்கேயோ கிணத்துக்குள்ள இருக்கும். பேய் எல்லாம் இல்லை. பின் முழுசா உள்ளே போகலை, இல்லைன்னா ஒயர்ல எர்த் அறுந்திருக்கு. அப்படி ஆனா ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கிற ஒலி ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும், பாடகர் குரல் எப்பவும் நடுவுலதானே இருக்கு! போன் கவரைக் கழட்டிட்டுப் பின்னை அழுத்திப் பாருங்க. அப்பவும் குரல் வரலைன்னா புது ஒயர்தான்.

இன்ஜின் கூட சேர்ந்து பாடுதுன்னா...

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுற ஙொய்ய், ஆல்டர்னேட்டர்ல இருந்து வருது. போனை கார்லயே சார்ஜ் போட்டு, ஆக்ஸ் ஒயர்லயும் இணைச்சிருந்தா ரெண்டு வழியா எர்த் ஆகி இது கிளம்பும். சார்ஜ் ஒயரைப் பிடுங்குங்க. சத்தம் நின்னுட்டா நோயைக் கண்டுபிடிச்சாச்சு. ஆக்ஸ் ஒயர் நடுவுல மாட்டுற 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்'னு ஒரு சின்ன டப்பா கிடைக்கும், அதை வாங்கலாம். இல்லைன்னா ப்ளூடூத்துக்கு மாறிடுங்க. ப்ளூடூத்லயும் ஙொய்ய் வந்தா, மாடுலேட்டர் கரன்ட்டை வடிகட்டாம எடுக்குதுன்னு அர்த்தம். அதுக்குப் பணம் செலவழிச்சு சரிபண்றதைவிட வேற மாடல் வாங்குறது லாபம்.

குழியில இறங்கும்போது மட்டும் கட்டானா சாக்கெட் லூஸ், இல்லைன்னா அழுக்கு. சாவியை எடுத்துட்டு, காய்ஞ்ச துணியால துடைங்க. சாக்கெட் நடுவுல இருக்கிறது 12 வோல்ட் முனை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நோண்டினா ஃபியூஸ் போயிடும்.

இவ்வளவுக்கும் பிறகு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எஃப்.எம்-ல 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒலி போகவே போகாது. நல்ல ரேடியோ ஸ்டேஷன் அளவுக்கு வந்தாலே வெற்றி. அதுக்கு மேல வேணும்னா எஃப்.எம்-ஐயே விட்டு விலகணும். ஸ்டீரியோ முகப்புல இயர்போன் ஓட்டை மாதிரி 'ஆக்ஸ்' இருக்கான்னு பாருங்க. சில செட்டுகள்ல பின்பக்கம் மறைஞ்சிருக்கும். இருந்தா மாடுலேட்டரைத் தூக்கிப்போட்டுட்டு, ஆக்ஸ்ல மாட்டுற ப்ளூடூத் ரிசீவர் வாங்குங்க, காத்துல அலைவரிசைச் சண்டையே இருக்காது. கேசட் செட்டா? கேசட் வடிவத்துல வர்ற அடாப்டர்கூட பல மாடுலேட்டரைவிட நல்லாப் பாடும்.

ரெண்டும் இல்லாத செட்டுக்கு ஒயர்டு எஃப்.எம் மாடுலேட்டர் இருக்கு. ஆன்டெனா ஒயருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவுல உட்காரும் சின்ன பெட்டி. சுவிட்சைப் போட்டதும் ஆன்டெனாவைத் துண்டிச்சுட்டு, பாட்டை ஒயர் வழியா நேரா செட்டுக்குள்ள அனுப்பும். வெளி ஸ்டேஷன் உள்ளே நுழையறதுக்கு வழியே கிட்டத்தட்ட அடைஞ்சுடும். சுவிட்சை அணைச்சா பழையபடி ரேடியோ. ஸ்டீரியோவை வெளியே இழுத்து மாட்டணும்ங்கிறதால கார் எலெக்ட்ரீஷியன்கிட்ட கொடுக்கிறது நல்லது. போறதுக்கு முன்னாடி உங்க செட்டோட ஆன்டெனா பின்னை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க, எல்லா கம்பெனிக்கும் ஒரே பின் பொருந்தாது.