பல்லிக்கும் கள்ளனுக்கும் இடையில்

வேலணையிலிருந்து நெடுந்தீவு வரை தீவகத்தில் இரண்டு வகை வீடுகளை அடிக்கடி பார்க்கலாம்: பூட்டிக் கிடப்பவை, வயோதிபர் ஒருவரோ இருவரோ தனித்திருப்பவை. 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் ஒரே வீட்டில் முதியவர்கள் பலர் கொல்லப்பட்டு நகைகள் கொள்ளை போன பின், வீட்டுக்கு ஓர் அலாரம் பூட்டும் யோசனை எந்த வெளிநாட்டுப் பிள்ளைக்கும் வரக்கூடியதே. கமெரா நடந்ததைப் பதிவு செய்து வைக்கும்; அலாரம் நடக்கும்போதே ஆளைக் கூப்பிடும். கூப்பிட்டால் வர ஆள் உண்டா என்பதுதான் தீவில் முதலில் பார்க்கவேண்டியது. பெட்டியின் விலை அதற்குப் பிறகு.

வீட்டு அலாரம் புதிய சாமான் அல்ல. அமெரிக்காவில் ஒகஸ்ரஸ் போப் என்பவர் 1853இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று மூடி மணி அடிக்கும். இன்றைய கம்பியில்லாக் கருவியில் கம்பிக்குப் பதில் வானொலி அலை, அடிப்படை மாறவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்தாமல் ஒரு பின்னேரத்துக்குள் பூட்டிவிடலாம் என்பதே இதன் பெரிய வசதி. ஆனால் அதே தடித்த சுவர்கள் அலையையும் விழுங்கும். ஆகவே தலைமைப் பெட்டியை வீட்டின் நடுவில், வாசலிலிருந்து கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

கதவில் பூட்டும் உணரி இரண்டு துண்டு. ஒன்றில் காந்தம். மற்றதில் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் அருகில் இருக்கும்வரை நாக்குகள் ஒட்டியிருக்கும்; கதவு சற்று விலகினால் பிரியும், செய்தி போகும். சும்மா இருக்கையில் மிகக் குறைந்த மின்சாரமே செலவாவதால் சிறு பற்றரி ஒரு வருடத்துக்கு மேலும் ஓடும். உப்புக்காற்று குழாய்க்குள் புகாது. பற்றரி முனைகளை அரித்துவிடும். ஆறு மாதத்துக்கொருக்கால் திறந்து துடையுங்கள். இரட்டைக் கதவென்றால் முதலில் திறக்கிற பலகையில் காந்தம் இருக்கவேண்டும்.

ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனைக் கதவுக் காந்தம் அறியாது. அவனுக்கு அசைவு உணரி வேண்டும். மனித உடல் ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. உணரிக்குள் வெப்பத்தை உணரும் இரு துண்டுகள் உண்டு. முன்னாலிருக்கும் பிளாஸ்ரிக் வில்லை அறையைப் பல விசிறிப் பட்டைகளாகப் பிரித்து அவற்றுக்குக் காட்டுகிறது. ஆள் பட்டைகளைக் குறுக்கே கடந்தால் இரு துண்டுகளும் மாறி மாறி வெப்பம் காணும். அந்த வேறுபாடே கள்ளன். உணரியை நோக்கி நேரே நடப்பவன் அவ்வளவு தெளிவாகத் தெரியமாட்டான். ஆகவே மூலையில், இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே, நடமாட்டம் குறுக்காக விழும்படி பூட்டவேண்டும்.

வைகாசி வெயிலில் அறைச் சுவரே உடல் சூட்டை நெருங்கினால் வேறுபாடு குறைந்து உணரி மந்தமாகும். வெப்ப ஈடுசெய்தல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நாற்சார் வீட்டு முற்றத்தைப் பார்க்கும்படி வைக்கவே கூடாது. வெயிலும் காற்றும் அதை ஓயாது ஏமாற்றும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி பல்லி. வில்லையின்மேலேயே ஊரும் பல்லி உணரியின் பார்வை முழுவதையும் அடைத்துவிடும், பிறகு நடுச்சாமத்தில் சைரன். விளக்குக்கு வரும் பூச்சியைத் தேடித்தான் பல்லி வருகிறது. உணரியை விளக்கருகில் வைக்காமல் விடுவதே பாதி மருந்து. ‘செல்லப் பிராணிகளைக் கண்டுகொள்ளாது’ என்று பெட்டியில் எழுதியிருப்பது, மேசைமேல் பாயும் பூனைக்குப் பொருந்தாது.

சைரன் ஒரு மீற்றரில் 110 டெசிபெல் என்றால், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 100 மீற்றரில் 70தான். இடையில் நாலு வெறும் வளவுகள், எதிர்த்துச் சோளகக் காற்று. அயலில் கேட்டால் அதிர்ஷ்டம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இரவில் குறிகட்டுவானிலிருந்து படகேறி உதவிக்கு ஓடிவர முடியாது. வரக்கூடியவர் அதே தீவில் இருப்பவர் மட்டுமே.

அதனால் தொலைபேசிக்கு அழைக்கும் பெட்டியே வேண்டும். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இந்திய உதவியுடன் சூரிய, காற்றுக் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மின்சாரம் எதிலிருந்து வந்தாலும், கரண்ட் போனால் வைபை பெட்டியும் படுத்துவிடும். ஆகவே உள் பற்றரியும் 4ஜி சிம்மும் உள்ளதாக எடுங்கள். 2ஜி மட்டும் பேசும் மலிவுப் பெட்டி வேண்டாம். உணரிகள் ‘நான் இருக்கிறேன்’ என்று இடைக்கிடை பெட்டிக்குச் சொல்லும் வகையா என்றும் பாருங்கள். சொல்லாத வகையில், பற்றரி செத்த உணரியும் நல்ல உணரியும் ஒன்றுபோல மௌனமாக இருக்கும். சிம்முக்கு ரீலோட் போட மறந்தாலும் கதை முடிந்தது.

ஆச்சி தனியே இருக்கும் வீட்டில் நான் முதலில் வாங்குவது கழுத்தில் தொங்கவிடும் அவசரப் பொத்தான். கிணற்றடியிலும் வெளிக் கக்கூசிலும் அது வேலை செய்கிறதா என்று நடந்து அழுத்திப் பார்க்கவேண்டும். இரவுக்கு, உள்ளே இருக்கும் அசைவு உணரிகளை ஓயவிட்டுக் கதவுகளை மட்டும் காவலில் வைக்கும் முறை உண்டு. ஆச்சி வெளியே போய்வர 30 விநாடி தாமதமும் வையுங்கள்.

பெட்டி அழைக்கும் எண்களின் வரிசையில் முதலிடம் பக்கத்து வளவுக்காரருக்கு, அடுத்தது அதே தீவிலுள்ள உறவினருக்கு. ரொறன்ரோ மகனையும் சேருங்கள்: இங்கே சாமம் இரண்டு மணி, அங்கே பின்னேரம் மூன்றரை அல்லது நாலரை, அவர் விழித்திருப்பார். ஆனால் அங்கிருந்து 119ஐ அழுத்தினால் இலங்கைப் பொலிஸ் எடுக்காது. ஊர்காவற்றுறையோ நெடுந்தீவோ, தம் வீட்டுக்குரிய பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தை நாட்டுக் குறியீட்டுடன் அவர் தம் போனில் பதிந்து வைக்கட்டும்.