பழைய மோட்டார் வண்டியின் கடகடவொலி

1956 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000 வண்டிகள் ஈழத்து வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. என் வண்டியிற் கடகடவொலி எழுந்தபோது, எஞ்சினையே கழற்றவேண்டுமென்றார் ஒருவர். காரணமோ முன்புறத்தே தளர்ந்திருந்த நேரச் சங்கிலி!

முதலில் எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். பின்னர் நீண்ட திருப்புளியொன்றின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்க (விசிறிக்கு விலகி நிற்க). மேலிருந்து வரும் மெல்லிய தட்டொலி வால்வுகளுக்குரியது. அவற்றை இயக்கும் தண்டு எஞ்சினின் அரைவேகத்திற் சுழல்வதால் ஒலியும் அவ்வேகத்ததே. இடைவெளியை 0.012 அங்குலமாக்கின் பெரும்பாலும் அடங்கும்.

சுமையேறுங்கால் ஆழத்திலிருந்து வலுக்கும் இடியொலியே அஞ்சத்தக்கது. பிளக்குகளின் மின்னை ஒவ்வொன்றாகத் தடுக்க, எவ்வுருளையில் ஒலி குறைகின்றதோ அதன் இணைப்புத்தண்டுத் தாங்கியே தேய்ந்தது எனலாம். அதன்மேலும் ஓட்டினால் வளைதண்டும் கெடும்.