மெக்காலே பேசாத பேச்சு

சரித்திர ஆராய்ச்சியில் இறங்கும் நம் மாணாக்கர்களின் கட்டுரைகளில் ஒரு பிரசங்கம் ஓயாமல் தலைகாட்டி வருகிறது. மெக்காலே இந்தியாவின் நான்கு திசைகளிலும் சுற்றினாராம். ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ காணவில்லையாம். இத்தகைய ஜனங்களை அடக்கியாள வேண்டுமானால் அவர்களுடைய புராதனக் கல்வியை வேரோடு களைய வேண்டுமென்று 1835-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி பிரிட்டிஷ் பார்லிமெண்டில் முழங்கினாராம். படிக்கிற தேசபக்தனின் இரத்தம் கொதிக்கிறது. தேதியைக் கவனியாவிட்டால் நமது இரத்தமும் கொதித்திருக்கும்.

நியாயஸ்தலத்தில் சாட்சி கூண்டேறியதும் எதிர்க்கட்சி வக்கீல் கேட்கும் முதற்கேள்வி, “சம்பவ தினத்தன்று அங்கே இருந்தீரா?” என்பதே. மெக்காலே 1834 ஜூன் மாதம் சென்னையில் வந்திறங்கினார். கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட அங்கத்தினராகி, 1835 பிப்ரவரியில் கல்கத்தாவில் இருந்தார். தாய்நாடு திரும்பியது 1838-ல். பார்லிமெண்டின் கதையோ இன்னும் வேடிக்கை. அது 1834 டிசம்பரிலேயே கலைக்கப்பட்டு, பொதுத் தேர்தல் நடந்து, புதிய சபை கூடியது பிப்ரவரி 19-ந் தேதி. ஆகவே பேசியவரும் அங்கே இல்லை. கேட்க வேண்டிய சபையும் அன்று இல்லை.

ஆயினும் பிப்ரவரி 2 முழுப் பொய்யன்று. இந்தியக் கல்வியைப் பற்றி மெக்காலே கல்கத்தாவில் எழுதிய குறிப்பின் தேதி அது. அக்குறிப்பு 1920-ல் இந்திய சர்க்காரின் கல்வித் தஸ்தாவேஜுத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. தமக்கு வடமொழியும் அரபியும் தெரியாதென்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, நல்லதோர் ஐரோப்பியப் புத்தகசாலையின் ஒற்றை அலமாரித் தட்டுக்கு இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியமும் சேர்ந்தாலும் ஈடாகாதென்று தீர்ப்புச் சொல்கிறார். நிறத்தால் இந்தியராகவும் ருசியாலும் அபிப்பிராயத்தாலும் ஆங்கிலேயராகவும் உள்ள ஒரு வகுப்பாரை உண்டாக்க வேண்டுமென்கிறார். இதற்கு மேலும் என்ன வேண்டும்? போலிப் பிரசங்கத்தில் அவர் நம்மைப் புகழ்கிறார். மெய்யான குறிப்பில் நம்மை இகழ்கிறார். போலியைக் கையாளும் மாணாக்கன் தன் எதிரியையே அறியாதவனாகிறான். “எந்தப் பக்கம்?” என்று பரீட்சகர் கேட்டு அவன் விழிக்கும்போது, அவனுடைய நியாயமான குறையும் பொய்யென்றே தள்ளப்படும்.

நமக்குச் சாதகமான மெய்ச்சாட்சியம் இல்லையா? இருக்கிறது. இந்தியாவில் எழுத்தறிவு ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்ததைவிடக் குறைந்துவிட்டதென்று 1931 அக்டோபர் 20-ந் தேதி லண்டனில் மகாத்மா காந்தி கூறினார். டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராயிருந்த ஸர் பிலிப் ஹார்ட்டாக் உடனே ஆதாரம் கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆதாரத்தின் பெரும் பகுதி நம் சென்னை ராஜதானிக் காகிதங்களிலேயே கிடந்தது. 1822-ல் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ ஜில்லா கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. கலெக்டர்களின் அறிக்கைகளைத் தேடியெடுத்து 1983-ல் நூலாக வெளியிட்டவர் தரம்பால்.

இக்கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. எண்ணியவர் யார், எதற்காக எண்ணினார், எது விடுபட்டது என்று கேட்க வேண்டும். கன்னடா ஜில்லாக் கலெக்டர் பட்டியலே அனுப்பவில்லை. வீட்டிலேயே கற்ற சென்னைப் பட்டணத்துப் பிள்ளைகளின் தொகை மிகையென்று மன்றோவே சந்தேகித்தார். நம்மைக் குறைத்துப் பேசுவோர், ஜனத்தொகையில் 67 பேருக்கு ஒருவரே படித்தார் என்று அவரை மேற்கோள் காட்டுவார்கள். நம்மை உயர்த்திப் பேசுவோர், சிறுவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படித்தார்கள் என்று அதே மன்றோவைக் காட்டுவார்கள். இரண்டும் அவர் எழுதியவையே. முன்னது ஆண், பெண், முதியவர், குழந்தை யாவரையும் சேர்த்த கணக்கு. பின்னது ஐந்து முதல் பத்து வயதுள்ள சிறுவரை மட்டும் எடுத்து, வீட்டுக் கல்வியையும் உத்தேசமாகக் கூட்டியது. குறிப்பை முழுவதும் படித்தவனுக்கே இது விளங்கும்.

அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540. இந்த எண்ணை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை.