முன்சீட்டா, பின்சீட்டா?

வசதியுள்ள வணிகர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு இது. தகப்பனார் பின்சீட்டில் அலுப்பில்லாமல் போக ஒரு கார் கேட்கிறார். மகன் தானே ஓட்டி மகிழ ஒரு கார் கேட்கிறான். எங்கள் வீட்டில் நான் டொயோட்டா கேம்ரி என்றேன், மகன் பி.எம்.டபிள்யூ. 330 எல்.ஐ. என்றான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தோம்.

கேம்ரி பெங்களூரு அருகே பிடதியில் தயாராகிறது. 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார். லிட்டருக்கு 25 கி.மீ. என்பது கம்பெனிக் கணக்கு. பின்சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம். மற்றது, 2007-ல் சென்னை அருகே தொடங்கிய ஆலையில் தயாராவது. 258 குதிரைத்திறன், பின்சக்கரங்கள் உந்திச் செல்லும். 6.2 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும். லிட்டருக்கு 15 கி.மீ. அளவில் கொடுக்கும். ஆண்டுக்கு 20 ஆயிரம் கி.மீ. ஓடினால் பெட்ரோலில் மட்டும் 500 லிட்டருக்கு மேல் வித்தியாசம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டி ஓட்டும் சுகமே தனி என்றான் மகன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடத்தில் எத்தனை நாள் மலையேறுகிறோம்? மற்ற நாளெல்லாம் லீ பஜாரில் லாரிகளுக்கு நடுவே ஊர்வதுதானே!

அறிமுக விலை கேம்ரிக்கு 2024 டிசம்பரில் 48 லட்சம். மற்றதற்கு 2025 பிப்ரவரியில் 62.6 லட்சம். வித்தியாசம் 14.6 லட்சம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டாலும் மாதம் 14,600 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைப் பெரிய கார்களுக்கு செஸ் நீங்கி, ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆகியிருப்பதால் இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளவும்.

பலர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். கம்பெனி பெயரில் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். சரக்கு வியாபாரம் செய்யும் நமக்கு, நாம் பயணம் செய்யும் காருக்கு அந்த வரவு கிடையாது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் மட்டும், அதுவும் தொழிலுக்கு ஓடும் அளவுக்கு, கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரைக் கேட்டபின் அட்வான்ஸ் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் கடை வாசலில் நிற்கும் காரைச் சரக்கு கொடுத்தவரும் பார்க்கிறார். அவர் பாக்கி நிற்கும்போது புதுக் கார் வந்து நின்றால், எந்தக் கார் என்றா பார்ப்பார்? நம் நாணயத்தைத்தான் பார்ப்பார். இதைச் சொன்னதும் மகன் பாக்கி நோட்டை எடுத்துப் புரட்டினான். தவணை கடந்த பில்கள் சில இருந்தன. அவை தீரும்வரை பழைய காரே ஓடட்டும் என்று அவனே சொல்லிவிட்டான்.

அதன்பின் வாங்கப்போவது கேம்ரிதான். லாபத்திலிருந்து வாங்குவோம், கொள்முதல் பணத்தைத் தொடமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் அவன் கையில், பின்சீட்டு எனக்கு.